பிடி அரிசியும் கொடுப்போம், பக்கத்தில் நின்றும் கேட்போம்



மாதக் கடைசியில் நம் லயத்தில் எந்த அடுப்பு எரியவில்லை என்பது துரைக்குத் தெரியாது. கிராம உத்தியோகத்தருக்கும் தெரியாது. பக்கத்துக் காம்பராவில் இருக்கும் நமக்குத் தெரியும். தெரிந்தவர்கள் நாம் என்பதால் முதல் பொறுப்பும் நம்முடையதுதான்.

லயத்தில் ஒரு சாவு விழுந்தால் ஆளுக்கொரு வேலையாகக் கூடிச் செய்கிறோம். கலியாண வீட்டுக்குக் கூப்பிடாமலே போய் அடுப்பு மூட்டுகிறோம். ஆனால் சத்தமில்லாமல் வரும் கஷ்டம் நம் கண்ணில் படுவதில்லை. இடுப்பு வலியால் பேர் போட முடியாத அக்கா, வயது முடிந்து வீட்டில் இருக்கும் பாட்டி, படிப்பை விட்டுக் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகத் துணிமணி கட்டும் பையன், இவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். "குடித்தே அழித்தார்கள்" என்று சொல்லி நாமும் விலகிப் போகிறோம். குடிக்கிற வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பசிக்கும்.

"எங்களுக்கே பத்தவில்லையே" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் உதவி என்பது காசு மட்டுமல்ல. ஒரு கணக்கைப் பாருங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு, வேலை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்க வேண்டும். வேலை முடிந்து 30 நாளுக்குள் அதைக் கொடுக்க வேண்டும். 30 வருடம் கொழுந்தெடுத்த ஒரு தாய்க்கு அது 420 நாள் சம்பளம். கடைசி நாட்சம்பளம் 1350 ரூபா என்றால் 567,000 ரூபா. ஊழியர் சேமலாப நிதி அதற்கு வேறாக.

இந்தக் காசு கைக்கு வராத ஒரு தாய், பக்கத்து வீட்டில் அரைக் கொத்து அரிசி கடன் கேட்டு நிற்கலாமா? அரிசியைக் கொடுங்கள். அதோடு நின்றுவிடாதீர்கள். எழுதப் படிக்கத் தெரிந்தவர் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். ஒருநாள் அவரோடு தோட்ட ஆபீசுக்கும், தேவைப்பட்டால் தொழில் திணைக்களத்துக்கும் போய் வாருங்கள். அஸ்வெசும பட்டியலில் பெயர் இல்லாத ஏழைக் குடும்பத்தைப் பிரதேச செயலகத்துக்கு அழைத்துப் போங்கள்.

நாம் கொடுக்கும் அரிசி கம்பனியின் கடனைத் தீர்க்காது, அரசாங்கத்தின் கடமையையும் குறைக்காது. அவர்கள் தர வேண்டியதைக் கேட்டு வாங்குவது சங்கத்தின் வேலை. அதுவரை அந்த வீட்டில் பசி இல்லாமல் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை, என் வேலை.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு தலைவரும் தலைவியும் தன் லயத்தில் கஷ்டப்படும் ஒரு குடும்பத்தின் விபரத்தோடு வாருங்கள். கூட்டத்தில் பெயரைச் சொல்ல வேண்டாம், அவர்களுக்கும் மானம் உண்டு. என்ன வர வேண்டியிருக்கிறது, யார் கூடப் போவது என்று மட்டும் முடிவெடுப்போம்.

சந்தா கட்டுவதோடு சங்கம் முடிந்துவிடுவதில்லை.