நார்னியாக் கதையும் நம் தோட்டத்துப் பிள்ளைகளும்

பலாங்கொடைப் பகுதித் தோட்டமொன்றில் வாழும் தந்தையொருவர் அண்மையில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினார். உயர்தரம் பயிலும் அவருடைய மகள், சீ. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியாக் கதைகளை இரவல் பெற்று வந்து இரவிரவாகப் படிக்கின்றாளாம். "அது வேதக்காரர் கதையென்று சொல்லுகிறார்கள். பிள்ளை படிக்கலாமா, ஐயா?" என்று கேட்டார். வினா சிறிது, விடையோ அத்துணைச் சிறிதன்று.

1898இல் பெல்பாஸ்ற் நகரிற் பிறந்த லூயிஸ், இளமையில் நாத்திகராயிருந்து 1931இற் கிறிஸ்தவ நம்பிக்கைக்கு மீண்டவர். 1950 முதல் 1956 வரை அவர் வெளியிட்ட ஏழு நூல்களே நார்னியாக் கதைகள். முதல் நூலில், உலகப் போரின் காரணமாக இலண்டனை விட்டு அனுப்பப்பட்ட நான்கு பிள்ளைகள் ஓர் அலுமாரியினூடே நார்னியா என்னும் மாய உலகிற் புகுகின்றனர். சூனியக்காரியின் கொடுங்கோலால் அங்கே பனிக்காலம் நீங்காதிருக்கின்றது. எட்மண்ட் என்னும் சிறுவன் ஓர் இனிப்புப் பண்டத்தில் மயங்கி, உடன்பிறந்தாரையே காட்டிக் கொடுக்கின்றான். அவனுக்குரிய மரணத்தை அஸ்லான் என்னும் சிங்கம் தானேற்று, கல்மேடையிலே மாண்டு, மறுநாள் விடியலில் உயிர்த்தெழுகின்றது.

இதிற் கிறிஸ்துவின் சாயல் உண்டு. ஆசிரியரும் அதனை மறைத்தாரல்லர். அதனாலேயே அது நமக்கு ஆகாத நூலாகிவிடுமா? வீரமாமுனிவரின் தேம்பாவணியையும், கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகத்தையும் இலக்கியமென்று போற்றியவர்கள் தமிழர். மாசி மாதத்திலே நம் தோட்டங்களில் நிகழும் காமன் கூத்தை நினைத்துப் பாருங்கள். சிவனின் நெற்றிக் கண்ணால் எரியுண்ட காமன், இரதியின் கண்ணீருக்கிரங்கி மீண்டும் எழுப்பப்படுகின்றான். அக்கூத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு, மாண்டவர் மீள்வதாகிய கதை புதியதுமன்று, அஞ்சத்தக்கதுமன்று. துரோகஞ் செய்தவனுக்கும் மன்னிப்புண்டு என்பது எந்த மதத்தார்க்கும் வேண்டிய பாடமே.

எனினும், நாம் தயங்குமிடம் ஒன்றுண்டு. அது மதமன்று; நிறம்.

நார்னியாவுக்குத் தெற்கே, பாலைவனத்துக்கு அப்பால், கலோர்மென் என்னும் நாட்டை ஆசிரியர் படைத்திருக்கின்றார். அந்நாட்டார் கருநிறத்தவர், தலைப்பாகை அணிவோர், அடிமைகளை வைத்திருப்போர், பலி கேட்கும் கொடுந்தெய்வத்தை வணங்குவோர். 1954இல் வெளிவந்த நூலிலே, அந்நாட்டுச் செம்படவனொருவனிடம் வளரும் ஷஸ்ற்றா என்னுஞ் சிறுவன், தன்னை விற்கப் போகின்றார்களென்று அறிந்து வடக்கே ஓடுகின்றான். இறுதியிலே அவன் வெண்ணிற நாட்டு அரசகுமாரனென்று தெரிய வருகின்றது! அடிமைத்தளையிலிருந்து தப்பும் உரிமை, அங்கேயே பிறந்த செம்படவன் மகனுக்கு இல்லையா?

இவ்வினாவை நாம் கேளாமல் வேறு யார் கேட்பது? பிறப்பாலும் மொழியாலும் அந்நியரென்று ஒதுக்கப்பட்ட வலியை அறிந்தவர்கள் நாம். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் முன்னோரை நாடற்றவராக்கியது. 1981இல் இந்த இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களிலேயே நம்மவர் தாக்கப்பட்டு விரட்டப்பட்டனர். ஒரு மக்கட் கூட்டத்தையே தீயோரென்று குறிப்பது கதையிலே தொடங்கினாலும் கதையோடு நிற்பதில்லை. நம் மகள் அந்நூலைப் படிக்கையில், தன் நிறத்தாரைப் பகைவர் பாசறையிற் காண்பாளாயின், அவள் உள்ளம் யாது எண்ணும்?

ஆயினும் நடுவுநிலை பிறழாது கூறவேண்டும். அதே நூலில் வரும் அராவிஸ் என்னும் கலோர்மென் பெண் வீரமும் மானமும் உடையவள். 1956இல் வந்த இறுதி நூலிலே, ஏமெத் என்னும் கலோர்மென் வீரனை அஸ்லான் ஏற்றுக்கொள்கின்றது. எத்தெய்வத்தின் பெயராற் செய்யினும், நற்செயல் தன்னையே சேருமென்று கூறுகின்றது. தாம் எழுப்பிய சுவரிலே ஆசிரியர் தாமே ஒரு வாயிலைத் திறந்தாரென்போம். ஆனால், உதட்டுச் சாயத்திலும் விருந்துகளிலும் நாட்டங்கொண்டாளென்று மூத்த பெண் சூசனை அந்நூலிலேயே புறத்தே நிறுத்தியது, வளரும் பெண்பிள்ளைக்கு நீதியாகத் தோன்றாது.

ஆகவே, அத்தந்தைக்கு நாம் கூறிய விடை இதுவே: மகள் படிக்கட்டும், தடுக்க வேண்டாம். களையிருக்கின்றதென்று வயலை விட்டு ஓடும் உழவன் உண்டா? ஆனால் அவள் படித்து முடித்ததும் அருகிலிருந்து கதையைக் கேளுங்கள். அந்தச் செம்படவனுக்கு ஒரு மகன் பிறந்திருந்தால் அவன் எங்கே ஓடியிருப்பான் என்று அவளிடமே வினவுங்கள்.

விடையை அவள் எழுதவும் கூடும். இரத்தினபுரியிலிருந்து பார்த்தாற் சிவனொளிபாதமலை தெரிகின்றது. அங்குள்ள ஒரே அடிச்சுவட்டைச் சைவர் சிவனதென்பர், பௌத்தர் புத்தரதென்பர், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதாமினதென்பர். இத்தகைய மலையின் அடியிலே வாழும் பிள்ளைகள் அலுமாரிக்குள்ளே மாய உலகைத் தேட வேண்டியதில்லை. கொழுந்து கொய்பவளும் றப்பர்ப் பால் வெட்டுபவனும் தலைமக்களாகும் கதையொன்று இம்மண்ணிலிருந்து எழட்டும்.