கோப்பு இயக்கியின் பேச்சும் மௌனமும்

கணினியின் பணிசெயல் முறைமையில் கோப்பு முறைமை இயக்கிக்குத் தனியிடம் உண்டு. வன்தட்டில் வெறும் எண்களாகக் கிடப்பனவற்றைக் கோப்புக்களாகப் பயனருக்குக் காட்டுவது அதுவே. திரை உறைந்தால் கணினியை மீள இயக்கலாம். அழிந்த ஆய்வேட்டை மீள இயக்குதல் இயலாது. ஆதலால், இவ்வியக்கியை எழுதுவோர் அதன் நடையை அறிய ஆங்காங்கே வழுநீக்கச் செய்திகளை இடுகின்றனர். அச்செய்திகளை என்செய்வது என்பதில் இரு சாரார் உளர். இரு சாராரும் தவறுகின்றனர்.

எல்லாவற்றையும் அச்சிடுக, பின்னர் தேடிக்கொள்ளலாம் என்பர் முதற்சாரார். தாராளம்போலத் தோன்றும் இக்கொள்கை உண்மையிற் சான்றை அழிப்பதாகும். லினக்ஸ் கருவின் செய்திகள் முதலிற் சேர்வது, அளவு வரையறுக்கப்பட்ட ஒரு வட்டத் தாங்கியிலாகும். அது நிரம்பியதும் பழைய செய்தியை அழித்தே புதியது இடம்பெறும். பயனற்ற வரிகள் ஆயிரமாயிரமாய்க் குவிகையில், வழுவின் தொடக்கத்தைக் கூறிய ஒரே வரி அடித்துச் செல்லப்படுகின்றது.

கோப்பு இயக்கிக்கே உரிய இடர் இதனினும் பெரிது. கருவின் செய்திகளைப் பின்னணிச் செய்நிரலொன்று வன்தட்டிலுள்ள பதிவுக் கோப்பில் எழுதுகின்றது. அப்பதிவும் அதே இயக்கியின் வழியே செல்லுமாயின், ஒவ்வோர் எழுதுகைக்கும் ஒரு செய்தி விடுக்கும் இயக்கி, தன் செய்தி எழுதப்படுவதைப் பற்றியும் செய்தி விடுக்கும்; அதுவும் எழுதப்படும். தன் வாலைத் தானே விழுங்கும் இப்பாம்பை வளர்த்துவிட்டு, வன்தட்டு நிரம்பியது ஏன் என வினவுதல் நகைப்புக்குரியது. அன்றியும், அச்சிடுதலால் நேர ஒழுங்கு மாறித் தேடிய வழுவே மறைந்துவிடுவதும் உண்டு.

இரண்டாஞ்சாரார் வெளியீட்டின்போது அனைத்தையும் நீக்கிவிடுக என்பர். வழு தோன்றுவதோ எழுதியவரின் மேசையில் அன்று. பயனரின் பழுதுற்ற வன்தட்டில், நள்ளிரவில். மூலநிரலைப் பெற்று மீளத் தொகுத்து வருக என்று அவரிடம் கூறுவது உதவியன்று, கைகழுவுதலாகும். தொகுப்பியின் கண்ணிற்படாத கூற்றுக்கள் காலப்போக்கிற் பழுதடைகின்றன என்பதும் மனங்கொள்ளத்தக்கது. மாறியின் பெயர் மாறியிருக்கும். தேவைப்படும் நாளில் அவை தொகுபடவே மறுக்கும்.

கூற்றுக்கள் நிரலில் இருத்தல் வேண்டும். ஆனால் உறங்குதல் வேண்டும். இது கற்பனையன்று. 2009 இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.30 முதல், உறங்கும் கூற்றொன்றைக் கோப்பு, செயற்கூறு, வரி எனக் குறிப்பிட்டு, கணினி இயங்கும்போதே எழுப்பும் வசதி உள்ளது. மீண்டும் மீண்டும் எழும் செய்திகளுக்கு 5 செக்கனுக்கு 10 என இயல்பு வரம்பு விதிக்கும் ஏற்பாடும் உண்டு. அடக்கப்பட்டவை எத்தனை என்பதையும் அது பின்னர் அறிவிக்கும். இத்தனையும் கைக்கெட்டியிருக்க, தமக்கென ஓர் அச்சிடும் முறையைப் புதிதாகப் புனையும் இயக்கி ஆசிரியர் சோம்பலை அன்றி வேறெதனையும் காட்டவில்லை.

செய்தியில் எதைக் கூறுவது என்பதும் சிந்தனைக்குரியது. உதவி வேண்டிப் பயனர் தம் பதிவை அந்நியருக்கு அனுப்புகையில், அதிலுள்ள கோப்புப் பெயர்களும் உடன் செல்கின்றன. மருத்துவ அறிக்கையின் பெயரும் வழக்கறிஞருக்கு எழுதிய கடிதத்தின் பெயரும் அவற்றுள் இருக்கலாம். வழுவைக் கண்டறிய ஐநோட் இலக்கம் போதுமாயிருக்க, பெயரை அச்சிடும் உரிமையை இயக்கி ஆசிரியருக்கு வழங்கியவர் யார்?