வெயிலுக்கு மாத்திரையா?

விழுங்கினால் வெயில் சுடாது என்று சொல்லி மாத்திரை விற்கும் வியாபாரம் அமெரிக்காவிலே தலையெடுத்தது. 2018-ஆம் வருஷம் மே மாதத்தில் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இத்தகைய நான்கு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. வெயில் காப்புக் களிம்புக்கு ஈடாக நிற்கக்கூடிய மாத்திரை எதுவுமில்லை என்று அப்போது அதன் தலைவராயிருந்த ஸ்காட் காட்லீப் பகிரங்கமாக அறிவித்தார். அறிவிப்பு நியாயமானதே. ஆனால், சரக்கு கடைக்கு வந்து, பணம் கைமாறி, நம்பினவன் வெயிலில் காய்ந்த பிறகன்றோ அது வந்தது?

இத்தாமதம் தற்செயலானதன்று, சட்டத்தின் பலன். அந்நாட்டுக் காங்கிரஸ் சபை 1994-இல் இயற்றிய சட்டத்தின்படி, உணவுத் துணைப்பொருள் என்ற பெயரில் விற்கும் சரக்கு பயன் தருமென்று விற்பனைக்கு முன்னர் சர்க்காரிடம் ருசுப்படுத்த வேண்டியதில்லை. மேலே பூசும் களிம்போ அங்கு மருந்தாகவே கருதப்படுகிறது. எவ்வளவு காக்கும் என்பதைச் சோதித்த பின்னரே அதன்மீது காப்பு எண்ணைப் பொறிக்கலாம். தோலில் பூசுவதற்கு ஒரு நீதி, வயிற்றில் இறங்குவதற்கு வேறொரு நீதியா?

ருசுத் தேட முடியாத விஷயமன்று இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாகாணத்திலுள்ள நம்பூர் என்னும் ஊரில் 1992 முதல் 1996 வரை 1,621 பேரிடம் களிம்பும் பீட்டா கரோட்டின் மாத்திரையும் ஒருங்கே பரீட்சிக்கப்பட்டன. தினந்தோறும் களிம்பு பூசியவர்களிடையே ஸ்குவாமஸ் என்னும் ஒருவகைத் தோல் புற்றுக் கட்டிகள் சுமார் 40 சதவிகிதம் குறைந்தன. மாத்திரையால் ஒரு பலனும் காணப்படவில்லை.

பலனில்லாவிடினும் தீங்கில்லையே என்பார் சிலர். பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த பரீட்சையின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. அதில் இதே பீட்டா கரோட்டினை உண்டவர்களிடையே நுரையீரல் புற்று 18 சதவிகிதம் அதிகமாயிருந்தது. இதைவிடத் தெளிவான மறுமொழி வேண்டுமோ?

மாத்திரை அனைத்தும் பொய் என்பது நமது கட்சியன்று. நிகோடினமைடு என்னும் வைட்டமினை, முன்னரே தோல் புற்று கண்ட 386 ஆஸ்திரேலியர்களிடம் பரீட்சித்தனர். புதிய கட்டிகள் 23 சதவிகிதம் குறைந்தன என்று 2015-இல் தெரியவந்தது. ஆயினும் உண்பதை நிறுத்தியவுடன் அப்பயனும் நின்றுபோயிற்று. அது களிம்புக்கு மாற்றென்று அப்பரீட்சை கூறவுமில்லை. உண்மையான சரக்கு விசாரணைக்கு அஞ்சாது என்பதற்கே இது அத்தாட்சி.

உண்டென்பவனே ருசுப்படுத்தக் கடவன் என்பது நீதிஸ்தலத்தின் அரிச்சுவடி. அமெரிக்கச் சட்டமோ அப்பாரத்தை விற்பவனிடமிருந்து எடுத்து, வாங்குபவனின் உடல்மீது சுமத்தியிருக்கிறது. தோல் புற்றில் மெலனோமா என்னும் வகை உயிரையே கொள்வது. ஆகையால் இது காசு நஷ்டத்தோடு முடியும் விவகாரமன்று. அச்சட்டம் திருத்தப்படவேண்டும்: முதலில் ருசு, பிறகு விற்பனை. அதுவரை நிழலும், தொப்பியும், முழுக்கைச் சட்டையும், களிம்புமே நம்பத்தக்க காவல்.