தரப்பட்டியலும் பதினைந்து மாணவரும்

ஆறாம் ஆண்டுப் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றே. "ஐயா, நம் மாவட்டத்தில் எந்த இடைநிலைப்பள்ளி முதலிடம்?" கேட்டுக்கொண்டே கைப்பேசியில் ஒரு பட்டியலையும் நீட்டுகிறார்கள். யார் தொகுத்தது, எந்த ஆண்டுக் கணக்கு என்ற குறிப்பெல்லாம் அதில் இல்லை. பி.எம்.ஆர். 2013-ஆம் ஆண்டோடு முடிந்தது. யு.பி.எஸ்.ஆர். 2021-இலும் பி.டி.3 2022-இலும் நீக்கப்பட்டன. தேர்வுகள் போயின, ஒப்பிடும் நோய் மட்டும் போகவில்லை. எஸ்.பி.எம். சராசரியை வைத்துக்கொண்டு முதலாம் படிவத்திற்குப் பள்ளி தேடுகிறோம்!

ஒரே மாவட்டம், ஒரே பாடத்திட்டம், பிறகு ஒப்பிட்டால் என்ன என்பர். சற்றே எண்ணிப் பாருங்கள். ஒரு பள்ளி மதிப்பெண் பார்த்து மாணவரைச் சேர்க்கிறது. இரண்டு கிலோமீட்டர் தள்ளியுள்ள மற்றொன்று, அடுக்குமாடி வீடுகளிலிருந்து வரும் எவரையும் மறுப்பதில்லை. தேசிய மொழியில் போதிய தேர்ச்சி பெறாத தமிழ், சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் புகுமுக வகுப்பும் நடத்துகிறது. மலாய்ப் பத்தியொன்றை வாசிக்கத் தடுமாறி வந்தவன் நான்காண்டில் ‘சி’ வாங்கினால், அது அப்பள்ளி ஆசிரியரின் உழைப்பு. வரும்போதே ‘ஏ’ வாங்கிய பிள்ளை மறுபடியும் ‘ஏ’ வாங்கினால் அதில் பள்ளியின் பங்கு எவ்வளவு? பட்டியலுக்கு இந்த வேறுபாடு தெரியாது. உள்ளே வந்தவர் யார் என்பதைத்தான் அது காட்டுகிறது.

சராசரிக் கணக்கின் விந்தையையும் சொல்ல வேண்டும். பழைய கணக்கில் ‘ஏ’ என்றால் 1, ‘ஈ’ என்றால் 5. எண் குறையக் குறையப் பெருமை. பத்துப் பேர் எழுதும் பள்ளியில் ஒரே பிள்ளை ‘ஈ’யிலிருந்து ‘ஏ’க்கு உயர்ந்தால் சராசரி 0.4 நகரும். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் நகர்வது 0.02. சிறிய பள்ளியின் ஏற்றமும் இறக்கமும் பல வேளைகளில் ஒரு பிள்ளையின் காய்ச்சல்தான்.

இந்த எண்ணுக்கு அஞ்சி நாங்கள் செய்ததையும் மறைக்க மாட்டேன். முன்பு நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளி ஒன்றில், யு.பி.எஸ்.ஆர். நெருங்கியதும் "தேறக்கூடியவர்" என்று எட்டுப் பேரைப் பிரித்து மாலை வகுப்பு நடத்தினோம். கடைசி வரிசை நால்வருக்கு வண்ணம் தீட்டும் தாள். அந்தத் தாள்களைப் படியெடுத்துக் கொடுத்தவன் நானே. அவர்களில் ஒருவன், "எங்களுக்குச் சோதனை இல்லையா சார்?" என்று கேட்டான். அவனும்தான் தேர்வு எழுதினான்.

இனித் தமிழுக்கு வருவோம். பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டால் தேசிய இடைநிலைப்பள்ளியில் தமிழ் கற்பிக்க வழி செய்யப்பட வேண்டும் என்கிறது 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். பதினைந்து! ஆனால் நாம் என்ன செய்கிறோம்? மாவட்டக் கல்வி அலுவலகம் கொடுத்த இடத்தை மறுத்து, பட்டியலைப் பார்த்து மேல்முறையீடு செய்கிறோம். என் வகுப்பில் ஒன்றாகப் படித்த இருபத்திரண்டு பேர் ஓராண்டு ஏழு பள்ளிகளுக்குச் சிதறினார்கள். ஒரு பள்ளியில் இருவர், இன்னொன்றில் மூவர். அவர்களுள் மூன்றாம் படிவம் வரை தமிழைத் தொடர்ந்தவர்களை என் ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிட்டேன். தமிழ்ப்பள்ளியைக் காப்போம் என்று மேடையில் முழங்கியவர்களின் பிள்ளைகளும் அந்தச் சிதறலில் உண்டு.

பெற்றோரே, ஒப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டியலை மூடிவிட்டு அப்பள்ளியின் அலுவலகத்திற்கு நேரில் செல்லுங்கள். தமிழாசிரியர் இருக்கிறாரா? தமிழ் வகுப்பு கால அட்டவணைக்குள்ளா, பள்ளி முடிந்த பின்னா? புகுமுக வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் ஐந்தாம் படிவத்தை எட்டினர்? பதினைந்துக்கு எத்தனை பேர் குறைகிறார்கள் என்பதையும் கேட்டு வந்து சொல்லுங்கள். மீதிக் கையொப்பங்களுக்கு வீடு வீடாக உங்களோடு நானும் வருகிறேன்.