வரித்தலை வாத்தைப் பார்க்கப் போகலாமா டாக்டர்?

குளிர்காலம் வந்தா ஓ.பி.யில் இந்தக் கேள்வி ஒரு தடவையாவது வந்துடும். "கூந்தன்குளம் போலாம்னு இருக்கோம் சார். வெளிநாட்டுப் பறவைங்களால பறவைக் காய்ச்சல் வரும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?"

தாராளமா போங்க. ஏன்னு சொல்றேன்.

அங்கே பார்க்க வேண்டியது வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில ரெண்டு கறுப்புக் கோடு, அதான் அடையாளம். மங்கோலியா, திபெத் ஏரிக்கரைகள்ல குஞ்சு பொரிச்சிட்டு, இமயமலையைத் தாண்டி நம்ம நெல்லை மாவட்டம் வரைக்கும் வருது.

எவரெஸ்டுக்கு மேல பறக்கும்னு ஃபார்வர்டு சொல்லும். ஜிபிஎஸ் கட்டி ஆராய்ச்சியாளர்கள் அளந்ததுல 7,290 மீட்டர் வரை போயிருக்கு. பெரும்பாலும் அதைவிடக் கீழேதான். அதுவே எனக்குப் பிரமிப்பு! 3,500 மீட்டர்ல இருக்கிற லே-வுக்கு விமானத்துல போய் இறங்கினாலே நம்மில் பலருக்குத் தலைவலி. திரும்பிப் போகும்போது இது சமவெளியிலிருந்து சில மணி நேரத்துல மலை ஏறிடுது. அதோட ஹீமோகுளோபின்ல ஆல்ஃபா சங்கிலியில ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கு. அதனால ஆக்சிஜன் குறைஞ்ச காத்துலயும் அதை இறுக்கிப் பிடிச்சுக்கும். முதல் வருஷம் ஆக்சிஜன் வளைகோட்டை உருப்போட்டப்ப யாராவது இந்த வாத்தைக் காட்டியிருந்தா எனக்குச் சீக்கிரம் புரிஞ்சிருக்கும்.

இப்போ காய்ச்சல். 2005-ல் சீனாவின் சிங்ஹாய் ஏரியில எச்5என்1 வைரஸால ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தது உண்மை. அதுல அதிகம் அடிபட்டதே இந்த வாத்துதான். ஆனா இந்த வைரஸ் வம்சம் முதல்ல பிடிபட்டது காட்டுப் பறவையில இல்ல. 1996-ல் குவாங்தோங் மாகாணத்துப் பண்ணை வாத்துல. நாம வளர்த்ததுலேர்ந்து அதுங்களுக்குப் போயிருக்கு. அப்புறம் அதுங்களும் பரப்புது, அதை மறுக்கல. ஆனா "விரட்டி அடிங்க"ன்னு கமெண்ட் போடுறவங்க மேல எனக்குக் கோபம் வருது. தீபாவளிக்கு வெடி வெடிக்காம பறவையைக் காப்பாத்துற ஊருங்க அது.

மனுஷங்களுக்கு இந்தக் காய்ச்சல் வந்தது பெரும்பாலும் நோய்ப்பட்ட கோழிகளை நெருங்கிக் கையாண்டதால. கரையில நின்னு பைனாகுலர்ல பார்க்கிறவங்க பயப்பட வேண்டியதில்ல. நல்லா வெந்த முட்டையும் கறியும் சாப்பிடலாம்.

செத்த பறவை கிடந்தா மட்டும் தொடாதீங்க, பிள்ளைங்களையும் விடாதீங்க. வனத்துறை ஊழியர்கிட்ட சொல்லுங்க. வீட்ல கோழி வளர்த்தா, திரும்பி வந்ததும் செருப்பைக் கழுவிட்டுக் கூண்டுப் பக்கம் போங்க.

டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை, காலையில போறது நல்லது. கிளம்புறதுக்கு முன்னாடி குளத்துல தண்ணி இருக்கான்னு விசாரிச்சுக்கோங்க. வறண்ட வருஷம்னா மாடு மேய்றதைத்தான் பார்த்துட்டு வரணும்.