கத்திக்கு முன் ஊசி

சேலம், நாமக்கல் பக்கத்து வீடுகளில் பிள்ளைக்குக் கழுத்து வீங்கினால் முதலில் வாயில் வருவது பொன்னுக்குவீங்கி. தங்கச் சங்கிலியைக் கழற்றிப் பிள்ளையின் கழுத்தில் போட்டுவிடுவார்கள். வாரம் இரண்டு கழிந்தும் வீக்கம் வடியாவிட்டால், "நெறி கட்டியிருக்குதுங்க, தானாப் போயிரும்" என்று பத்துப் போடுவார்கள். பெரும்பாலான நெறிகட்டிகள் தானாகப் போய்விடவும் செய்யும். சொத்தைப் பல், தொண்டைப் புண், தலையில் சிரங்கு என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். சிக்கல், போகாமல் நிற்கும் கட்டியில்தான். வலிக்காமல், சிவக்காமல், மெல்லப் பெருத்துப் பக்கத்துக் கட்டியோடு ஒட்டிக்கொள்ளும் கட்டி காசநோயாக இருக்கலாம்.

காசநோய் என்றதும் நம் நினைவுக்கு வருவது இருமலும் சளியும்தான். இந்தியாவில் காசநோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நோய் நுரையீரலுக்கு வெளியே வருகிறது. அந்தக் கூட்டத்தில் முதலிடம் நிணநீர்க் கணுக்களுக்கு (இவை வீங்குவதைத்தான் நெறி கட்டுவது என்கிறோம்). அவற்றிலும் கழுத்துக் கணுக்களுக்கு. இவர்களில் பலருக்கு இருமலே இருக்காது. சளி இல்லாதபோது சளிப் பரிசோதனைக்கு வழியில்லை, மார்பு எக்ஸ்ரேயும் பலருக்குச் சுத்தமாகவே வரும். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைப் பார்த்துக் காசநோய் சொல்லும் சோதனைகளை நம்ப முடியாது என்று மத்திய அரசே 2012இல் தடை செய்துவிட்டது. ஆகவே விடை கட்டிக்குள்தான் இருக்கிறது. அதை வெளியே எடுக்க வேண்டும்.

எடுக்க எளிய வழி ஊசி. மருத்துவமனைகளில் எஃப்.என்.ஏ.சி. என்று சீட்டில் எழுதித் தருவது இதைத்தான். சாதாரணமாக ரத்தம் எடுக்கும் ஊசியை விடத் தடிமன் கூடியதல்ல. மருத்துவர் கட்டியை இரண்டு விரலால் பிடித்து நிறுத்தி, ஊசியை உள்ளே விட்டு, சில முறை முன்னும் பின்னும் அசைத்து எடுப்பார். மயக்க மருந்து வேண்டாம், தையல் வேண்டாம், தழும்பும் இராது. ஊசியில் வந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். காசநோய் என்றால் கொத்துக் கொத்தாகத் திரண்ட எபித்தீலியாய்டு செல்களும், தயிர் போல் செத்துக் கிடக்கும் திசுவும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் சிவப்புக் கோடாகக் கிருமியே தெரியும்.

அந்த அதிர்ஷ்டம் பாதிப் பேருக்குக்கூட வாய்ப்பதில்லை. கட்டிக்குள் கிருமிகள் குறைவு. கொத்தான செல்கள் வேறு சில நோய்களிலும் வரும். எனவே தகட்டை மட்டும் பார்த்துச் சொல்வது பல நேரம் நல்ல ஊகம், அவ்வளவே. இங்கேதான் சிபிநாட், ட்ரூநாட் போன்ற மரபணுச் சோதனைகள் உதவுகின்றன. நிணநீர்க் கணுவிலிருந்து எடுத்த மாதிரிக்கும் சிபிநாட் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே பரிந்துரைத்தது. 2016இல் இந்தியாவில் வந்த நுரையீரலுக்கு வெளியேயான காசநோய் வழிகாட்டு நெறிகளும், செல் பரிசோதனையோடு சேர்த்து இதையும் செய்யச் சொல்கின்றன. இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் கிருமி இருக்கிறதா என்று சொல்லும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா என்பதையும் அதே நேரத்தில் சொல்லும். ட்ரூநாட் நம் நாட்டிலேயே உருவான கருவி.

நடைமுறையில் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஊசி போடுவது ஒரு துறை, காசநோய்ச் சோதனை வேறொரு துறை. ஊசியில் வந்தது முழுவதும் தகட்டுக்குப் போய்விட்டால் இயந்திரத்துக்கு எதுவும் மிஞ்சாது. நோயாளி இன்னொரு நாள் வந்து இன்னொரு குத்து வாங்க வேண்டும். பலர் வர மாட்டார்கள். முதல் குத்திலேயே ஒரு பங்கைச் சிறிது சலைனில் எடுத்து வைக்க ஆகும் செலவு ஒரு சிறு குப்பிதான். இதற்குப் பெரிய திட்டமோ நிதி ஒதுக்கீடோ தேவையில்லை. துறைகளுக்கு இடையே ஓர் உத்தரவு போதும்.

திருச்செங்கோட்டுப் போர்வெல் வண்டிகளை எண்ணிப் பார்த்தால் 'இன்னொரு நாள் வா' என்பதன் விலை புரியும். வண்டி கிளம்பினால் ஆந்திரம், மத்தியப் பிரதேசம் என்று திரும்பப் பல மாதம் ஆகும். பாறைத் தூசு காசநோய்க்கு இடம் கொடுக்கும் என்பது வேறு. லாரி ஓட்டுநர், பள்ளிபாளையத்துத் தறி ஓட்டுபவர், சேலத்துக் கொலுசுப் பட்டறைக்காரர் எல்லோருக்கும் ஒரு நாள் விடுப்பு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. ஒரே வருகையில் குத்தும் இரண்டு சோதனையும் முடிய வேண்டியவர்கள் இவர்கள்தான்.

ஊசி குத்தினால் கட்டி பரவிவிடும் என்று ஒரு பயம் ஊரெல்லாம் இருக்கிறது. காசநோய்க் கட்டியைப் பொறுத்தவரை அதற்கு ஆதாரம் இல்லை. பயப்பட வேண்டியது கத்திக்கு. பழுத்த காசநோய்க் கட்டியைச் சாதாரணச் சீழ்க்கட்டி என்று நினைத்துக் கீறிவிட்டால், வாய் மூடாமல் மாதக்கணக்கில் சீழ் வடியும். அறுத்து எடுத்த கட்டி முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமியும் செத்துப்போகும். கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு வழியில்லாமல் போய்விடும். கத்தி வேண்டிய இடமும் உண்டு. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று என்று சந்தேகம் வந்தால் ஊசி போதாது, திசுவையே எடுக்க வேண்டும். ஆனால் அந்தச் சந்தேகத்தைப் பெரும்பாலும் முதலில் எழுப்புவதும் ஊசிதான். புகையிலை மெல்லும் ஐம்பது வயதுக்காரரின் கழுத்துக் கட்டி வாய்ப்புற்றின் பரவலாகவும் இருக்கலாம்.

இதைவிட மோசமானது எதையும் எடுத்துப் பார்க்காமலே மருந்தைத் தொடங்குவது. மருந்துக்கடையில் வாங்கும் லீவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரைகள் காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். கட்டி சற்று வற்றும், நோயோ உள்ளேயே இருக்கும். மறுபக்கம், லிம்போமாக்காரர் காசநோய் மாத்திரை விழுங்கிக்கொண்டே மாதங்களைத் தொலைப்பார்.

சரியாகக் கண்டறிந்துவிட்டால் மீதி வழி தெளிவானது. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு மையம்தான் இன்றைய தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியத்தில் படுக்காமல் வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று உலகுக்குக் காட்டியது அது. குழந்தைகளின் நெறிகட்டிக் காசநோய்க்கான குறுகிய காலச் சிகிச்சை பற்றி அதன் ஆய்வு 1990இல் வெளியானது. இன்று நெறிகட்டிக் காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். சிகிச்சையின் நடுவில் சிலருக்குக் கட்டி பெருக்கும், புதிதாகக்கூட எழும்பும். மருந்து வேலை செய்யவில்லை என்று அங்கேயே நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். நெறிகட்டியில் மட்டும் நோய் இருப்பவரிடமிருந்து அது அடுத்தவருக்குத் தொற்றாது. தட்டை, பாயைப் பிரித்து வைக்க வேண்டியதில்லை.

சேலம் மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியும், 2022இல் வந்த நாமக்கல் மருத்துவக் கல்லூரியும் இந்தச் சமவெளிக்குப் பெரிய பலம். அங்கிருந்து நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர் வாரத்தில் ஒரு நாள் ஆத்தூர், ராசிபுரம், திருச்செங்கோடு அரசு மருத்துவமனைகளில் ஊசியோடு உட்கார வேண்டும். எடுத்ததில் ஒரு பங்கு அன்றே காசநோய் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். மாவட்ட நிர்வாகங்கள் மனம் வைத்தால் அடுத்த மாதமே தொடங்கிவிடக் கூடிய வேலை இது.

அதுவரை காத்திருக்க வேண்டாம். கழுத்தில் கட்டி இரண்டு வாரம் தாண்டி நின்றால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி போடும் முன்பே கேளுங்கள்: "இதில் ஒரு பங்கு சிபிநாட்டுக்கும் போகுமா, டாக்டர்?" அரசுக் காசநோய்த் திட்டத்தில் இந்தச் சோதனையும் ஆறு மாத மருந்தும் இலவசம். சத்துணவுக்கென்று மாதம் 1,000 ரூபாயும் உண்டு.