காலியிடக் கணக்கைக் காட்டுங்கள்

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் அடுத்த 10 ஆண்டுகளுக்கான வேலைவாய்ப்புக் கணிப்பை வெளியிட்டதும் எல்லோரும் தேடுவது ‘அதிவேகமாக வளரும் பணிகள்’ பட்டியலைத்தான். கல்லூரியில் சேரப்போகும் பிள்ளைகளை அந்தப் பட்டியல் திசைதிருப்புகிறது என்றே நான் உறுதியாக நம்புகிறேன். 2023–33 கணிப்பைப் பாருங்கள். இளநிலைப் பட்டம் கேட்கும் பணிகளில் தரவு அறிவியலாளர் வேலை 36 விழுக்காடு வளரும் என்றது; செவிலியர் வேலை 6 விழுக்காடுதான். ஆனால் ஆண்டுதோறும் காலியாகும் இடங்கள்? முன்னதில் சுமார் 21 ஆயிரம், பின்னதில் சுமார் 1.94 லட்சம்! 30 லட்சம் பேருக்கு மேல் உழைக்கும் தொழிலில், ஓய்வு பெறுவோரும் வேறு வேலைக்குப் போவோரும் விட்டுச்செல்லும் இடங்களே அதில் பெரும்பகுதி. மழலையர், தொடக்கப் பள்ளி ஆசிரியர்களின் மொத்த எண்ணிக்கை சற்றுக் குறையும் என்ற அதே கணிப்பு, அங்கே ஆண்டுக்கு லட்சம் இடங்களுக்கு மேல் காலியாகும் என்றும் சொன்னது. காலியிடம் இருப்பதாலேயே நல்ல சம்பளம் கிடைத்துவிடாது, உண்மைதான்; ஆசிரியர்களைக் கேட்டால் தெரியும். ஆனாலும் கல்விக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடப்போகும் 18 வயதுப் பெண்ணுக்குப் பள்ளி ஆலோசகர்கள் முதலில் காட்ட வேண்டியது இந்தக் காலியிடக் கணக்கைத்தான்.